கையிலிருந்து வெளிச்சம் விட்டால் மந்திரமா?

கேள்வி இதுதான்: காமிக்ஸில் மந்திரவாதி நினைத்தால் காலத்தையே மடக்கிவிடுகிறான், அதே ஆள் படத்தில் வந்தால் கையிலிருந்து கலர் கலராக வெளிச்சம் விடுவதோடு சரி, கிராஃபிக்ஸ் போதவில்லையா, இல்லை படம் எடுப்பவர்களுக்கே மந்திரத்தில் நம்பிக்கை இல்லையா?

பெரும்பாலும் இரண்டாவதுதான். கிராஃபிக்ஸில் ஒரு குறையும் இல்லை. மார்வெல் காமிக்ஸின் மந்திரவாதியை வைத்து 2016-இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படம் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. பணமும் கணினியும் கொட்டிக் கிடக்கின்றன. இடிப்பது வேறு இடத்தில். மந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது, செய்தால் யார் தலையில் விடியும், இந்த மூன்றையும் முடிவு செய்யாமலே பல படங்கள் கேமராவைத் தூக்கிவிடுகின்றன. காமிக்ஸில் இதை முடிவு செய்யாமலே ரொம்ப நாள் ஓட்டலாம், திரையில் பத்து நிமிடம்கூட ஓட்ட முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரேஞ்ச் முதலில் வந்தது 1963-இல், ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் இதழின் 110-ஆம் எண்ணில், வெறும் 5 பக்கக் கதையாக. வரைந்தது ஸ்டீவ் டிட்கோ, வசனம் ஸ்டான் லீ. டிட்கோ வரைந்த மாய உலகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தரத்தில் தனியாக ஒரு கதவு நிற்கும், சுவரே இருக்காது. ஒரு பாதை ரிப்பன் மாதிரி வளைந்து ஒன்றுமில்லாத இடத்துக்குள் போகும். அறுபதுகளின் கல்லூரிப் பையன்கள் இதை வரைந்தவர் ஏதோ போதையில் இருந்திருக்க வேண்டும் என்றே நம்பினார்கள், ஆனால் டிட்கோ படு கறாரான, ஒழுங்கான மனிதர். ஸ்டான் லீ தன் பங்குக்கு ஹோகாத், சைட்டோராக், அகமோட்டோ என்று வாயில் உருளும் பெயர்களாகப் பொறுக்கிப் போட்டார். அந்தப் பெயர்களுக்கு அர்த்தம் இருந்ததா என்றால், ஓசை இருந்தது, அது போதும் என்றுதான் அவர் நினைத்தார்.

இது தாளில் வேலை செய்ததற்குக் காரணம் வாசிப்பவர்தான். மந்திரத்தை நம் மனக்குரலில், நமக்கு வேண்டிய வேகத்தில் படித்துக்கொள்கிறோம். அதே வரியை ஒரு நடிகர் கழுத்து உயர்ந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னால் தியேட்டரில் பின்வரிசை சிரிக்கும். டிசி காமிக்ஸின் ஸட்டான்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் மந்திரமே சொற்களைத் திருப்பிச் சொல்வதுதான். தமிழில் வைத்துக்கொண்டால் ‘கதவு திற’ என்பதை ‘வுதக றதி’ என்பாள். தாளில் அதைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று, எழுத்துக் கூட்டித் திருப்பிப் படித்து, நாமே பூட்டைத் திறந்த மாதிரி ஒரு சின்ன சந்தோஷம் வரும். திரையில் அது காதில் விழுவதற்குள் கதவு திறந்து, அவள் உள்ளே போய், அடுத்த காட்சியும் வந்திருக்கும்.

தமிழ் காமிக்ஸில் மாண்ட்ரேக்கைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். லீ ஃபாக் 1934-இல் உருவாக்கிய அந்த மந்திரவாதி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, கையசைப்பான், அவ்வளவுதான். எதிராளி கண்ணுக்குத் துப்பாக்கி பாம்பாகத் தெரியும். அது மனோவசியம், அசல் மாற்றம் கிடையாது என்பது முதலிலேயே சொல்லப்பட்டுவிடும். எல்லைக்கோடு போட்டாகிவிட்டது, மிச்சத்தை நாம் ரசிக்கலாம்.

சரி, 2016 படத்துக்கு வருவோம். இயக்குநர் ஸ்காட் டெரிக்சன் குழு செய்த முதல் நல்ல காரியம், வாயை மூடிவிட்டு கையைப் பேசவிட்டது. டிட்கோவின் ஸ்ட்ரேஞ்சுக்கு எப்போதுமே விரல்கள்தான் அடையாளம்: நடு இரண்டு விரல் மடங்கி, சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நீண்டிருக்கும். படத்துக்காக ஜேஃபங்க் என்ற விரல் நடனக் கலைஞரைக் கூப்பிட்டு நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதனால்தான் பெனடிக்ட் கம்பர்பேட்ச் கையைச் சுழற்றும்போது ஏதோ கற்றுக்கொண்ட வித்தை மாதிரித் தெரிகிறது, சும்மா கொசு விரட்டுகிற மாதிரித் தெரியவில்லை. 2018-இல் இன்ஃபினிட்டி வார் படத்தில் வில்லன் தானோஸைச் சிவப்புப் பட்டைகள் வந்து கட்டும். காமிக்ஸ் படித்தவர்களுக்கு அது சைட்டோராக்கின் கட்டு என்று தெரியும், படத்தில் யாரும் பெயரைச் சொல்லிக் கத்துவதில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது நல்ல காரியம், அந்த விரல் மோதிரம். இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு மறுகையால் வட்டம் போட்டால் நெருப்புப் பொறி பறக்க வேறு ஊருக்குக் கதவு திறக்குமே, அது படத்துக்காகவே கண்டுபிடித்தது. காமிக்ஸ் ரசிகர்கள் சிலர் இதைக் கேவலமாகப் பார்த்தார்கள், ‘மந்திரவாதிக்கு எதுக்குடா சாவி’ என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவி என்று ஒன்று வந்ததும் அது தொலையும், எதிரி பிடுங்குவான், மறந்து வைத்துவிட்டு வரலாம். அதுவரை திசை தெரியாமல் மிதந்துகொண்டிருந்த மந்திரம் தரையில் கால் ஊன்றிவிடுகிறது. ஸ்ட்ரேஞ்சுக்கு வட்டம் வரவே வராது, கை நடுங்குகிறது, விபத்தில் நரம்பு போனது, அதனால்தான் வரவில்லை என்று புலம்புவான். உடனே அவனுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கும் குரு, ஒரு கையே இல்லாத ஒரு முதியவரைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொல்வார். அவர் அலட்டாமல் செய்துவிட்டுப் போவார். அப்புறம் அவனை எவரெஸ்டில் பனியில் நிறுத்திவிட்டு, தன் பக்கக் கதவை மூடிக்கொண்டு வந்துவிடுவார் குரு. திறந்தால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அந்த இடத்தில் ஒருவரும் வகுப்பு எடுக்கவில்லை, ஆனால் நமக்குப் புரிந்துவிடுகிறது.

இதே படத்தில் எனக்கு எரிச்சலும் உண்டு. குரு ஓர் இடத்தில் மந்திரத்தைப் பற்றி விளக்கும்போது, அந்தச் சொல் உன் நவீன மூளைக்குப் பிடிக்கவில்லை என்றால் புரோகிராம் என்று வைத்துக்கொள், உலகத்தை வடிவமைக்கும் சோர்ஸ் கோட் என்று வைத்துக்கொள் என்பார். இன்னொரு காட்சியில் குருவின் மூத்த சீடன் மோர்டோ ஒரு தாளில் ‘ஷம்பாலா’ என்று எழுதியதைக் கொடுப்பான், ஸ்ட்ரேஞ்ச் பயபக்தியோடு இது என் மந்திரமா என்பான், இல்லை, வைஃபை பாஸ்வேர்டு என்பான் மோர்டோ. ஜோக் நல்ல ஜோக், நானும் சிரித்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கூச்சம் தெரிகிறது: நாங்கள் ஒன்றும் மூடநம்பிக்கைக்காரர்கள் கிடையாது, தப்பாக நினைக்காதீர்கள் என்று பார்வையாளரிடம் கும்பிடு போடுகிற கூச்சம்.

இந்தக் கூச்சம் 2011-லேயே தொடங்கிவிட்டது. மார்வெலின் திரை உலகம் 2008-இல் அயர்ன் மேனில் பிறந்தது, ஒரு பட்டறையில், நட்டு போல்ட்டோடு. அதற்குள் இடியின் கடவுளைக் கொண்டுவர வேண்டும், எப்படி? உங்கள் முன்னோர்கள் மந்திரம் என்றதை நீங்கள் அறிவியல் என்கிறீர்கள், என் ஊரில் இரண்டும் ஒன்றுதான் என்று தோரையே சொல்ல வைத்தார்கள். அந்த ஒரு படத்துக்கு அது கெட்டிக்காரத்தனம். அதையே எல்லா இடத்திலும் தாயத்து மாதிரி கட்டிவிட்டதுதான் பிரச்சினை.

அதில் ரொம்ப அடிபட்டது ஸ்கார்லெட் விட்ச் என்கிற வாண்டா. 1964-இல் எக்ஸ்-மென் 4-ஆம் இதழில் வந்தபோது அவள் ஒரு மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே சக்தி உள்ளவள், எதிரிக்கு நடக்கவே நடக்காத துரதிர்ஷ்டங்களை வரவழைப்பது அவள் சக்தி. அகதா ஹார்க்னஸ் என்ற கிழவி அவளுக்குச் சூனியம் கற்றுக்கொடுத்தது, குழப்ப மந்திரம் என்ற பெயர் வந்தது எல்லாம் பிற்பாடு வெவ்வேறு எழுத்தாளர்கள் சேர்த்தது. 2015-இல் ஏஜ் ஆஃப் அல்ட்ரானுக்கு அவளைக் கொண்டுவந்தபோது மியூட்டன்ட் என்ற சொல்லைத் தொட முடியாது, எக்ஸ்-மென் பட உரிமை ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. சூனியக்காரி என்று சொல்லவும் மனசில்லை. மிச்சம் இருந்தது ஒரு கல். மைண்ட் ஸ்டோனை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் சக்தி வந்தது என்று முடித்தார்கள். அந்தப் படத்திலேயே ஒரு பாத்திரம் இவளையும் இவள் சகோதரனையும் விவரிக்கும்போது, இவளுக்கு மட்டும் வார்த்தை கிடைக்காமல், அவன் வேகமானவன், இவள் ஒரு மாதிரி என்று சொல்லிவிட்டுப் போகும். எழுதியவர்களின் நிலைமையும் அதுதான். ஆறு வருடம் அவள் கையில் சிவப்புப் புகை வந்தது, பொருள்கள் பறந்தன, ஆட்கள் பறந்தார்கள், அது என்ன சக்தி என்று கேட்டால் பதில் இல்லை.

2021-இல் வாண்டாவிஷன் தொடர்தான் தைரியமாகச் சொன்னது, எட்டாவது அத்தியாயத்தில், இது குழப்ப மந்திரம், நீ ஸ்கார்லெட் விட்ச் என்று. அதைவிட எனக்குப் பிடித்தது அதே அத்தியாயத்தில் வரும் ஒரு சின்ன விதி. அகதாவின் நிலவறையில் வாண்டாவின் சக்தி வேலை செய்யாது. ஏன் என்று கேட்டால், சுவரில் குறிகளைப் பார், ஓர் இடத்தில் குறி போட்ட சூனியக்காரியின் மந்திரம் மட்டும்தான் அங்கே பலிக்கும், இதுகூடத் தெரியாதா என்று அகதா பாடம் எடுப்பாள். ஒன்பதாவது அத்தியாயத்தில் ஆகாயத்தில் சண்டை. வாண்டா வீசுவதெல்லாம் அகதா மேல் படாமல் தவறித் தவறிப் பின்னால் போகிறது. பதற்றத்தில் குறி தவறுகிறாள் என்றுதான் நாமும் நினைப்போம். கடைசியில் திரும்பிப் பார்த்தால் ஊரைச் சுற்றி வாண்டா மந்திரத்தால் எழுப்பியிருந்த தடுப்புச் சுவர் முழுக்க அதே குறிகள். பாடம் சொன்னவளுக்கே பாடம். என்ன, அந்தத் தருணத்துக்கு முன்னாலும் பின்னாலும் சிவப்பு உருண்டையும் ஊதா உருண்டையும் மாற்றி மாற்றி எறிந்துகொண்டதை யாராவது குறைத்திருக்கலாம்.

நான் எப்போதும் போட்டுப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. சண்டைக் காட்சியில் மந்திரத்தை எடுத்துவிட்டு ஆளுக்கொரு துப்பாக்கி கொடுங்கள். காட்சி மாறாமல் அப்படியே ஓடுகிறது என்றால் அங்கே மந்திரமே இருக்கவில்லை. வெளிச்ச உருண்டைச் சண்டைகள் எல்லாம் இதில் தோற்கும். 2022-இல் சாம் ரெய்மி எடுத்த இரண்டாவது ஸ்ட்ரேஞ்ச் படத்தில் கதை அங்கங்கே அவசரம்தான், ஆனால் ஒரு காட்சி இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும்: இரண்டு ஸ்ட்ரேஞ்சுகள், நடுவில் ஒரு பியானோ, காகிதத்திலிருந்து இசைக்குறிகளை உருவி ஒருவன் மேல் ஒருவன் எறிகிறார்கள், எறிகிற ஒவ்வொரு குறிக்கும் அதன் ஸ்வரம் கேட்கிறது, பீத்தோவனும் பாக்கும் டேனி எல்ஃப்மனின் இசைக்குள்ளே கலந்து மோதுகிறார்கள். இதை எந்தத் துப்பாக்கியாலும் செய்ய முடியாது. டிட்கோ பார்த்திருந்தால் ரசித்திருப்பாரோ என்னவோ, அவர் 2018-லேயே காலமாகிவிட்டார்.

மந்திரம் தெரிந்த குரு என்ற பாத்திரத்தையும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் படங்கள் ரொம்பத் தடுமாறுவது அங்கேதான். காமிக்ஸில் ஸ்ட்ரேஞ்சின் குரு ஏன்ஷியன்ட் ஒன் திபெத்தில் இருக்கும் கிழவர், வாங் ஸ்ட்ரேஞ்சுக்குத் தேநீர் கொண்டுவரும் வேலைக்காரர். 1963-இல் அமெரிக்காவில் ஆசியர்களை அப்படித்தான் வரைந்தார்கள்: ஒன்று தாடி வைத்த ஞானி, இல்லாவிட்டால் கைகட்டி நிற்கும் பணியாள். 2016-இல் வாங்கை நூலகராக்கி, முகம் கொடுத்து, பின்னால் வந்த படங்களில் சோர்சரர் சுப்ரீம் என்ற தலைமை மந்திரவாதிப் பதவியே கொடுத்துவிட்டார்கள், சபாஷ். குருவை என்ன செய்வது? ஆசியக் கிழவரைப் போட்டால் அதே பழைய அச்சு என்பார்கள். அதனால் கெல்ட் இனத்துப் பெண் ஆக்கி டில்டா ஸ்விண்டனைப் போட்டார்கள். ஊரை நேபாளத்துக்கு மாற்றி, காத்மாண்டுவிலேயே போய்ப் படம் பிடித்துவிட்டு, அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் மட்டும் வெள்ளைக்காரர். ஸ்விண்டன் அருமையாக நடித்தார், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பழைய அச்சுக்குப் பயந்து ஆளையே மாற்றுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். அது புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தோம், வேறு வழியும் இருந்திருக்கிறது என்ற அர்த்தத்தில் தயாரிப்பாளர் கெவின் ஃபைகியே 2021-இல் பேசினார். வேடிக்கை என்னவென்றால் இது முதல் தடவையும் இல்லை. 1978-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எடுத்த ஸ்ட்ரேஞ்ச் படத்திலும் குரு திபெத்தில் இல்லை, நியூயார்க்கிலேயே இருக்கும் லிண்ட்மர், நடித்தவர் ஆங்கிலேயரான ஜான் மில்ஸ்.

அந்த வேறு வழி எப்படி இருக்கும் என்று 2021-இல் ஷாங்-சி படம் காட்டியது. பத்து மோதிரம் போட்ட மாண்டரின் என்ற வில்லன், 1964-இலிருந்து காமிக்ஸில் இருப்பவன், பெயரிலிருந்து மீசை வரை அபத்தம். டோனி லியுங் நடித்த வென்வூவாக அவன் மாறியபோது விரல் மோதிரங்கள் குங்ஃபூ பயிற்சியில் முன்கையில் மாட்டும் இரும்பு வளையங்கள் ஆயின, அவற்றுக்குப் பின்னால் மனைவியை இழந்து புத்தி பேதலித்த ஒரு கணவன் வந்தான். என் பெயர் தெரியாமல் எவனோ ஒரு கோழிக்கறிப் பதார்த்தத்தின் பெயரை வைத்துவிட்டான் என்று சாப்பாட்டு மேசையில் அவனே பழைய மாண்டரினைக் கிண்டல் செய்வான். ஆளை மாற்றவில்லை, ஆளுக்கு உயிர் கொடுத்தார்கள்.

கடைசியாக விலை. மந்திரத்தால் மாங்காய் விழாது என்பார்கள் நம் ஊரில். கதையில் விழட்டும், தப்பில்லை, ஆனால் கல்லெறிந்தவனுக்கு வலிக்க வேண்டும். ஜான் கான்ஸ்டன்டைன் முழுக்க அந்த வலிதான். 1985-இல் ஸ்வாம்ப் திங் காமிக்ஸில் ஆலன் மூர் கூட்டணி உருவாக்கிய லிவர்பூல்காரன், கசங்கிய மழைக்கோட்டு, ஓயாத சிகரெட், மந்திரத்தைவிட வாய்ச்சவடால் அதிகம். 1991-இல் கார்த் என்னிஸ் எழுதிய கதையில் அவனுக்கு நுரையீரல் புற்றுநோய். செத்தால் நேராக நரகம், அங்கே பழி தீர்க்க ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறான். கான்ஸ்டன்டைன் என்ன செய்கிறான் தெரியுமா, நரகத்தின் மற்ற இரண்டு பிரபுக்களிடமும் தனித்தனியாகத் தன் ஆன்மாவை விற்றுவிட்டு மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். மூன்று பேரும் வந்து நிற்கிறார்கள். இவனை யார் எடுத்தாலும் நரகத்துக்குள் போர் மூளும், ஆகவே வேறு வழியில்லாமல் மூன்று பேருமே சேர்ந்து இவனைக் குணப்படுத்துகிறார்கள். ஒரே நிலத்தை இரண்டு பேருக்குப் பத்திரம் போட்ட ஆள் மாதிரி.

2005-இல் கியானு ரீவ்ஸ் நடித்த படத்தில் லிவர்பூல் போய் லாஸ் ஏஞ்சலஸ் ஆனது, பொன்முடி கறுப்பு முடி ஆனது, ரசிகர்கள் கொதித்தார்கள். முடிவும் மாறியது: மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான், பிசாசான லூசிஃபர் வருகிறான், அவனிடம் இன்னொரு பெண்ணின் ஆன்மாவை விடுவிக்கச் சொல்லிக் கேட்கிறான், அந்தத் தியாகத்தால் சொர்க்கக் கதவு திறக்கிறது. அவனைச் சொர்க்கத்துக்கு விட மனசில்லாத லூசிஃபர் நெஞ்சுக்குள் கைவிட்டுப் புற்றை உருவி எடுத்து, இரு, வாழ்ந்து தொலை, மறுபடி தப்பு செய்வாய் என்று விட்டுவிடுகிறான். மோசடி தியாகமாகிவிட்டதே என்று முதலில் எனக்குக் கோபம். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அதன் எலும்பு அப்படியே இருப்பது தெரிந்தது, பிசாசுக்கே வைத்தியம் பார்க்க வேண்டிய கட்டாயம். மாறாக 2014-இல் மேட் ரையன் நடித்த தொலைக்காட்சித் தொடரில் தோற்றம் அச்சு அசல் காமிக்ஸ், ஆனால் அவன் சிகரெட்டைப் பற்றவைத்து இழுப்பதைக் காட்டவே சேனலுக்குத் தயக்கம், விரலில் இருக்கும், அணைப்பான். புகையே இல்லாத கான்ஸ்டன்டைனுக்குப் புற்று எங்கிருந்து வரும்? 13 அத்தியாயத்தோடு நின்றது.

இதனால்தான் 2016 ஸ்ட்ரேஞ்ச் படத்தின் உச்சக்காட்சியை நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். இருள் உலகத்தின் அதிபதியான டார்மாமு முன்னால் ஸ்ட்ரேஞ்ச் போய் நின்று பேரம் பேச வந்திருக்கிறேன் என்கிறான், சாகிறான். மறுபடி வந்து அதையே சொல்கிறான், சாகிறான். காலத்தைச் சுழல விட்டிருக்கிறான், அவ்வளவுதான் அவன் மந்திரம். ஜெயிக்க முடியாது, தோற்றுக்கொண்டே இருக்க முடியும், அதுவும் வலியோடு. எதிரிக்கு அலுத்துப்போகும்வரை. இதைப் படத்தின் சொந்தச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். 1964-இல் வந்த ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 126, 127 இதழ்களைத் தேடிப் படியுங்கள். முதல் சந்திப்பிலேயே ஸ்ட்ரேஞ்ச் டார்மாமுவை அடித்து வீழ்த்தவில்லை. சண்டையின் நடுவில் டார்மாமுவின் சொந்த எல்லைச் சுவர் பலவீனமாகி, அந்தப் பக்கம் இருக்கும் மூளையற்ற ஜந்துக்கள் உடைத்துக்கொண்டு வரத் தொடங்கும். ஸ்ட்ரேஞ்ச் தன் சக்தியையும் கொடுத்து எதிரிக்கே அந்தச் சுவரை அடைக்க உதவுவான். பூமிப் பக்கம் வரமாட்டேன் என்று டார்மாமு வாக்குக் கொடுப்பது அந்தக் கடனுக்காக, பற்களை நறநறத்துக்கொண்டு.